சேர்வோ மோட்டரும் தாங்குதடுப்பும்

எம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். வகுப்பறையில் எழுவாய் பயனிலையும் புணர்ச்சி விதிகளும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியர் ஒருவர் மின்மோட்டரைப் பற்றி எழுதப் புகுதல், நெசவாளன் உலைக்களத்திற் புகுந்து சம்மட்டி எடுத்தது போலாம் என நகுவாரும் உளராவர். அவர் நகுக. ஒரு சொல்லைப் பிழைபட உணர்ந்தமையால் ஒருவன் கை பழுதுபடக்கூடும் என்பதையும், அச்சொல்லைச் சரியாக உணர்ந்தால் அக்கை காக்கப்படும் என்பதையும் அண்மையில் யாம் அறியலானோம். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நிகழ்ந்தது

எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர், பின்னர்த் தொழினுட்பக் கல்வி கற்று, இப்பொழுது ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பேணும் பகுதியில் உத்தியோகம் பார்க்கின்றார். விடுமுறைக்கு ஊர் வந்தவர் ஒருநாள் மாலை எம் இல்லம் தேடி வந்து, "ஐயா, தொழிலாளருக்கு ஓர் அறிவித்தல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்கித் தரவேண்டும்" என்றார். "அறிவித்தலுக்கு அவசரம் என்ன, தம்பி?" என்று யாம் கேட்டபோது, அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, நிகழ்ந்ததைக் கூறினார்.

அத்தொழிற்சாலையில் மேலும் கீழுமாக ஏறியிறங்கும் தலையொன்றை உடைய இயந்திரம் ஒன்று உண்டு. அத்தலையை இயக்கிய சேர்வோ மோட்டர் எரிந்துபோயிற்று. புதியதொன்று தருவித்தார்கள். வலுவும் அதுவே, வேகமும் அதுவே, பொருத்தும் முகத்தின் அளவும் அதுவே, விலையோ சற்றுக் குறைவு. பொருத்தினார்கள், இயந்திரம் முன்போலவே ஓடிற்று. ஆறு நாள் இரவு பகலாக ஒரு குறையும் தோன்றவில்லை. ஏழாம் நாள், கழுவித் துடைப்பதற்காகப் பிரதான ஆளியை நிறுத்தினார்கள். அக்கணமே தலை இறங்கிற்று. கீழே துணியும் கையுமாக நின்ற இளைஞன் ஒருவனின் மூன்று விரல்கள் நசுங்கின.

பழைய மோட்டரின் வயிற்றினுள்ளே ஒரு தடுப்பு இருந்தது. புதியதில் அஃது இல்லை. வரிசை எண்ணின் இறுதியில் ஓரெழுத்து வேறுபட்டிருந்தது. அதனை ஒருவரும் நோக்கவில்லை. நிகழ்ந்த தவறு இவ்வளவே.

சேர்வோ என்பது யாது

சேர்வோ என்னும் சொல் இலத்தீன் மொழியில் அடிமையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. 1868ஆம் ஆண்டளவில் யோசேப்பு பார்க்கோ என்னும் பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர், கப்பலின் சுக்கானைத் திருப்புதற்கு நீராவிப் பொறியொன்றை அமைத்தார். மாலுமி கைப்பிடியை எவ்வளவு திருப்பினானோ அவ்வளவே சுக்கானும் திரும்பி நின்றது. ஏவியதைப் பிழையாது செய்தலின் அதனை அடிமைப்பட்ட பொறி எனப் பொருள்படும் பெயரால் அவர் வழங்கினார். 1873இல் அது குறித்து நூலும் வெளியிட்டார். இன்றைய சேர்வோ மோட்டர் நீராவியை விட்டு மின்னைக் கொண்டதேனும் கருத்து அதுவே.

இம்மோட்டரில் மூன்று உறுப்புக்கள் இன்றியமையாதன. முதலாவது, செப்புக் கம்பிச் சுற்றுக்களையுடைய நிலையான பகுதி. இரண்டாவது, நிலைக்காந்தங்கள் பதித்த சுழலும் பகுதி. 1980களின் முற்பகுதியில் யப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியக் காந்தம் வந்தபின்னரே இவை இத்துணைச் சிறியவாயும் வலியவாயும் அமைந்தன. மூன்றாவது, என்கோடர் எனப்படும் எண்ணுங் கருவி. அது மோட்டரின் பின்புறத்திலிருந்து, அச்சு எவ்விடத்தே நிற்கின்றது என்பதை இடைவிடாது கூறிக்கொண்டிருக்கும். 20 இருமவிலக்கங்கொண்ட என்கோடர் ஒரு சுற்றை 1,048,576 கூறாகப் பகுத்துக் காண்கின்றதெனின் அதன் நுண்மை சொல்லாமலே விளங்கும்.

என்கோடர் கூறும் இடத்தையும் ஏவப்பட்ட இடத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவோ அவ்வளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுப்பது, பெட்டியில் இருக்கும் செலுத்தி. ஆகவே, நிற்கும் சேர்வோ மோட்டர் உறங்கும் மோட்டர் அன்று. ஒரு கூறு விலகினும் உடனே திருத்திக்கொண்டு விழித்தே நிற்பது. ஆறு நாளும் அவ்வியந்திரத்தின் தலை விழாது நின்றமைக்குக் காரணம் இவ்விழிப்பே. மின் நின்றவுடன் விழிப்பும் நின்றது. தாங்குவார் இன்மையால் தலை விழுந்தது.

பழைய இயந்திரங்கள் பலவற்றில் இவ்விடர் இத்துணைப் பெரிதன்று. அவற்றிலுள்ள திருகுகளில் உராய்வு மிகுதி. சுமை மேலிருந்து அழுத்தினும் திருகு தானாகச் சுழலாது. இக்காலத்தார் வழங்குவதோ, திருகுக்கும் சுரைக்கும் இடையே உருக்குக் குண்டுகள் உருளும் குண்டுத்திருகு. அதன் வினைத்திறன் நூற்றுக்குத் தொண்ணூறு அளவினது. உராய்வு குறைந்தமையால் மோட்டருக்கு வேலை எளிதாயிற்று. சுமைக்கோ விழுதல் எளிதாயிற்று. ஒரு நன்மை வரும்போது அதன் நிழலாக ஒரு தீமையும் வருதல் உலகியல்பு.

தாங்குதடுப்பு எவ்வாறு தொழிற்படுகின்றது

மாணாக்கர் கொண்டுவந்த ஆங்கிலத் தாளில் இவ்வுறுப்பைக் குறித்த சொல்லை யாம் முதலில் "நிறுத்தி" என மொழிபெயர்த்தோம். அவர் தலையசைத்து, "இல்லை ஐயா, நிறுத்துவது இதன் வேலையில்லை, நின்றதைப் பிடித்திருப்பதே இதன் வேலை" என்றார். அப்பொழுதுதான் எமது அறியாமை எமக்குப் புலனாயிற்று. துவிச்சக்கரவண்டியின் பிறேக்கு ஓடுவதை நிறுத்துவது. இதுவோ, மோட்டர் தன் முறுக்கத்தினாலேயே நின்றபின், நின்ற அச்சு நழுவாதவாறு பற்றிக்கொள்வது. ஆதலின் இதனைத் தாங்குதடுப்பு என வழங்குவாம்.

இத்தடுப்பின் தலையாய இயல்பு, மின் உள்ளபோது விடுவதும் மின் இல்லாதபோது பிடிப்பதுமாம். இஃது எதிர்மறையாகத் தோன்றினும் மிக்க விவேகமானது. மின்னால் பிடிக்கும் தடுப்பாயின், மின் தவறிய அக்கணமே, அஃதாவது மிக வேண்டிய கணத்திலே, அது கைவிட்டுவிடும். 1854இல் நியூயோர்க் நகரில் எலிசா ஓட்டிஸ் என்பவர் உயர்த்தி மேடையொன்றின்மேல் தாமே நின்று, அதன் கயிற்றை வெட்டச்செய்து, மேடை விழாது நிற்றலைக் காட்டினார். கயிறு விறைத்திருக்கும்வரை வளைந்திருந்த வில், கயிறு அற்றவுடன் நிமிர்ந்து பக்கத்துப் பற்களிற் சென்று மாட்டிக்கொண்டது. நம் புகையிரதங்களில் வழங்கிவந்த வெற்றிடத் தடுப்பும் இக்கருத்துப்பற்றியதே. குழாய் அறுந்து வெற்றிடம் கெட்டால் தடுப்புத் தானே பிடித்துவிடும். கெடுதி நேரும்போது காவலின் பக்கமே சாய்தல் என்னும் இந்நெறியே சேர்வோ மோட்டரின் தடுப்பிலும் அமைந்துள்ளது.

இஃது இருவகைப்படும். ஒன்று வில் வகை. சுருளிவிற்கள் ஓர் இரும்புத் தட்டைத் தள்ளி, அச்சோடு சுழலும் உராய்வுத் தட்டை நெரித்துப் பிடிக்கும். 24 உவோற்று நேரோட்டத்தைச் சுருளிற் செலுத்தினால், மின்காந்தம் இரும்புத் தட்டை இழுத்துக்கொள்ள உராய்வுத் தட்டு விடுபடும். மற்றையது நிலைக்காந்த வகை. இதில் வில்லின் வேலையைக் காந்தம் செய்யும். சுருளிற் பாயும் மின்னோட்டம் அக்காந்தப் புலத்தை எதிர்த்து அழிக்க, தட்டு விடுபடும். வில் வகையில் பிடித்தபின்னும் மிகச் சிறிய அசைவு இருத்தல் உண்டு. காந்த வகையில் அவ்வசைவு இல்லையென்றே சொல்லலாம். ஆயினும், காந்த வகை மின்னழுத்தத்தின் அளவை மிகக் கருதும். அழுத்தம் குறைந்தால் விடாது. மிகுந்தால் எதிர்ப்புலம் மிஞ்சி மறுபடியும் பிடித்துக்கொள்ளும். வெப்பம் ஏற அதன் பிடியும் தளரும். வாங்குவோர் தமக்கு வருவது எவ்வகை என்பதைக் கேட்டறிதல் நன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, இத்தகைய மோட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குதும். இக்கணக்கினை எம் மாணாக்கரே எமக்குக் கற்பித்தார். ஆசிரியர் மாணாக்கராவதும் மாணாக்கர் ஆசிரியராவதும் கல்லூரிக்கு அழகேயன்றி இழுக்கன்று.

இயந்திரத் தலையின் திணிவு 40 கிலோகிராம் என்க. அதன் நிறை 392 நியூற்றன். குண்டுத்திருகு ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீற்றர் முன்னேறுவது. தலை செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தில் ஏறியிறங்குதல் வேண்டும். நிலையிலிருந்து அவ்வேகத்தை 0.15 செக்கனில் எய்துதல் வேண்டும்.

வலுவை மட்டும் நோக்குவார், 392ஐ 0.3ஆற் பெருக்கி 118 உவாற்று எனக் கண்டு, "200 உவாற்று மோட்டர் தாராளமாகப் போதும்" என்பர். இங்கேதான் வழி தவறுகின்றது.

முதலில் சுமையினால் வரும் முறுக்கத்தைக் காண்பாம். நிறையை ஒரு சுற்றின் முன்னேற்றத்தாற் பெருக்கி 6.283ஆற் பிரித்தல் வேண்டும். 392 × 0.010 ÷ 6.283 = 0.62 நியூற்றன் மீற்றர். தலை நின்றபோதும் இம்முறுக்கம் அச்சைச் சுழற்ற முயன்றுகொண்டே இருக்கும். ஏற்றும்போது திருகின் வினைத்திறன் 0.9 ஆதலின் மோட்டர் 0.69 கொடுத்தல் வேண்டும். ஆனால் தடுப்புக்குக் கணக்கிடும்போது உராய்வின் உதவியைச் சேர்த்துக்கொள்ளாதிருத்தலே முறை. புதிய கிறீஸும் தேய்ந்த புரியும் அவ்வுதவியை எப்பொழுது குறைக்கும் என்று எவரும் உறுதி கூறார்.

3,000 சுற்று வேகமுள்ள 200 உவாற்று மோட்டரின் நியம முறுக்கம் 0.64 நியூற்றன் மீற்றர். சிறிய மோட்டர்களில் தடுப்பின் பிடிமுறுக்கமும் பெரும்பாலும் அவ்வளவினதாகவே இருக்கும். சுமை கேட்பது 0.62, தடுப்புத் தருவது 0.64. நூலிழையில் தொங்குகின்றது என்பது இதற்கே பொருந்தும். தட்டுச் சிறிது தேய்ந்தாலும், ஒரு துளி எண்ணெய் பட்டாலும் தலை இறங்கிவிடும். 400 உவாற்று மோட்டரிலோ நியம முறுக்கம் 1.27, தடுப்பும் ஏறத்தாழ அவ்வளவு. சுமையைப்போல் இருமடங்கு. எனவே நாம் கொள்ளத்தக்கது 400 உவாற்று மோட்டரேயாம். இங்கே மோட்டரின் அளவை முடிவுசெய்தது ஓட்டம் அன்று, தடுப்பே என்பதை மாணவர் உளங்கொள்க.

அடுத்து, சடத்துவத்தை நோக்குவாம். 40 கிலோகிராம் தலை திருகின் வழியாக மோட்டருக்குத் தோன்றும் சடத்துவத் திருப்பம் சிறிதே, பத்தாயிரத்தில் 1.01 பங்கு கிலோகிராம் சதுரமீற்றர். 25 மில்லிமீற்றர் விட்டமும் 800 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருக்குத் திருகினுடையதோ 2.41 பங்கு. தலையினும் திருகே பெருஞ்சுமையாய் நிற்றல் வியப்பன்றோ. இணைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 3.7, மோட்டரினது 0.6 என்றால் மொத்தம் 4.3. இதனை 0.15 செக்கனில் முடுக்குதற்கு 0.54 நியூற்றன் மீற்றர் வேண்டும். ஏற்றத்துக்குரிய 0.69ஐயும் உராய்வுக்கு 0.1ஐயும் கூட்ட 1.33 ஆகும். 400 உவாற்று மோட்டர் சிறிது நேரத்துக்கு 3.8 வரை கொடுக்கவல்லதாதலின் இதனை எளிதில் தாங்கும். இடைவிடாது தாங்கவேண்டியதும் நியம அளவுக்குக் கீழேயே அடங்குகின்றது. சுமையின் சடத்துவம் மோட்டரினதைப்போல் ஆறு மடங்கு. இவ்விகிதத்துக்கு விவரப்பட்டியலிற் கூறிய எல்லையையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தலை இறங்கும்போது அவ்வலு எங்கே போகின்றது என்ற வினாவும் எழும். இறங்கும் சுமை மோட்டரை மின்பிறப்பாக்கியாக்கிவிடும். 118 உவாற்று வரை செலுத்திக்குத் திரும்பி வரும். அதனை வெப்பமாக்கி அகற்றுதற்குரிய தடையி செலுத்தியில் உண்டா என்பதைப் பார்த்தல் வேண்டும்.

ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு

தடுப்பு எவ்வளவு வலியதேனும், மின் நின்ற அக்கணமே பிடித்துவிடுவதன்று. சுருளிலுள்ள மின்னோட்டம் அடங்கவேண்டும். வில் தட்டைத் தள்ளவேண்டும். இதற்குச் சிறிய மோட்டரில் 100 மில்லிசெக்கன் வரை செல்லலாம். இக்காலத்தில் என்ன நேரும்? மேற்கூறிய தலை, திருகையும் மோட்டரையும் சுழற்றிக்கொண்டே விழவேண்டியிருத்தலின், புவியீர்ப்பின் முழு ஆர்முடுகலோடு விழாது. ஏறத்தாழ அதன் காற்பங்கோடு விழும். ஆயினும் 0.1 செக்கனில் 11 மில்லிமீற்றருக்குமேல் இறங்கிவிடும். அஃது ஒரு விரலின் தடிப்பு.

முழு வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மின் தவறினால் நிலைமை இன்னுங் கொடிது. தடுப்புப் பிடிக்குமுன் 41 மில்லிமீற்றர். பிடித்தபின் உராய்ந்து நிற்பதற்குள் இன்னும் 59 மில்லிமீற்றர். மொத்தம் 100 மில்லிமீற்றர். அஃது ஓர் உள்ளங்கையின் அகலம். இவ்வாறு ஓடும் அச்சைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் உராய்வுத் தட்டுத் தேய்கின்றது. ஆதலினாலேயே இத்தகைய அவசர நிறுத்தங்களின் சக்திக்கும் எண்ணிக்கைக்கும் உற்பத்தியாளர் எல்லை விதிக்கின்றனர். நாள்தோறும் இதனை நிறுத்தியாக வழங்குவோர், தாங்குவானைத் தாமே கொல்கின்றனர்.

இதனின்று ஒழுங்குமுறை ஒன்று பெறப்படும். நிறுத்தும்போது, முதலில் மோட்டர் தானே நிற்க, அடுத்துத் தடுப்பு மூடுக, அது பற்றும் வரை, 150 மில்லிசெக்கன் என்க, மோட்டர் தன் முறுக்கத்தை விடாதிருக்க, அதன்பின்னரே விடுக. தொடங்கும்போது, முதலில் மோட்டர் முறுக்கம் கொள்ளுக. பின்னர்த் தடுப்பு விடுக. குழந்தையை ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றும்போது, வாங்குபவர் பற்றியபின்னரே கொடுப்பவர் விடுதல் தாய்மார் யாவரும் அறிந்தது. அவ்வளவே இது. செலுத்தியில் இக்காலத்தைக் குறிக்குமிடம் உண்டு. அதனைச் சுழியமாக விட்டுவிடுதல் பெரும் பிழை.

சிறியவெனத் தோன்றும் சில

முதலாவது, தடுப்பின் மின்வழங்கல். 24 உவோற்று மோட்டரின் முனையில் இருத்தல் வேண்டும். பெட்டியில் இருந்தாற் போதாது. நீண்ட வடத்தில் அழுத்தம் வீழும். வீழ்ச்சி நூற்றுக்குப் பத்துக்குட்பட்டதா என்பதை அளந்து பார்த்தல் வேண்டும். இவ்வழங்கலை உணரிகளின் வழங்கலோடு கலவாமையும் நன்று.

இரண்டாவது, சுருளுக்குக் குறுக்கே இடும் காவல் உறுப்பு. சுருளின் மின்னை அறுக்கும்போது எழும் உயரழுத்தத்தை அடக்க ஓர் இருவாயியை இடுவார் பலர். அது பொறியைக் காப்பினும் மின்னோட்டத்தை மெல்லவே அடங்கச் செய்யும். தடுப்புப் பிடிப்பது தாமதமாகும். உற்பத்தியாளர் கூறிய அழுத்தமாறு தடையியை இட்டால் மின்னோட்டம் விரைந்து அடங்கும். சிறு உறுப்பொன்றின் தெரிவினாலே தலை பல மில்லிமீற்றர் அதிகம் விழுதல் கூடும்.

மூன்றாவது, இடமும் சூழலும். தடுப்புள்ள மோட்டர் நீளத்தாலும் நிறையாலும் மிக்கது. இயந்திரத்தில் அதற்கு இடம் உண்டா என முன்னரே அளத்தல் வேண்டும். சுருள் ஓடும் நேரமெல்லாம் வெப்பங் காலும். மோட்டரின் நியம அளவுகள் பெரும்பாலும் 40 பாகை வெப்பத்துக்கும் 1,000 மீற்றர் உயரத்துக்கும் உட்பட்டவை. கொதிகலனருகே வைப்போரும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா போன்ற மலைப்பகுதியில் வைப்போரும் அளவைக் குறைத்தே கொள்ளல் வேண்டும். பற்சில்லுப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசியுமிடத்தில் எண்ணெய்க் காப்புள்ள மோட்டரையே கேட்டல் வேண்டும். உராய்வுத் தட்டுக்கு எண்ணெய் நஞ்சாகும்.

நான்காவது, ஒலி. முடுக்கும்போதும் தளர்த்தும்போதும் தடுப்பினுள்ளே சிறு கலகலப்புக் கேட்டல் இயல்பு. அதனைப் பழுதென்று கருதி மோட்டரைப் பிரிக்கலாகாது.

ஐந்தாவது, வரிசை எண். தடுப்பில்லாத மோட்டருக்குப் பின்னர்த் தடுப்புப் பொருத்துதல் ஆகாது. தடுப்பின் குறி வரிசை எண்ணில் ஓரெழுத்தாக மறைந்து நிற்கும். எழுத்துப்பிழையைச் சிறுபிழை என நகைத்துவிடும் மாணாக்கருக்கு இவ்வோரெழுத்தை யாம் இப்பொழுது எடுத்துக்காட்டாகக் கூறி வருகின்றோம்.

மனிதன் கீழே நிற்பானாயின்

இதுகாறும் கூறியவை இயந்திரத்தைக் காப்பதற்கு அமையும். மனிதனைக் காப்பதற்கு இவை மட்டும் அமையா. மோட்டரினுள் உள்ள தடுப்பு மோட்டரின் அச்சையே பற்றுகின்றது. அச்சுக்கும் சுமைக்கும் இடையே உள்ள இணைப்புத் தளர்ந்தாலும், வார்ப்பட்டி அறுந்தாலும், தடுப்புத் தன் அச்சை உறுதியாகப் பற்றியபடியே இருக்க, சுமை விழும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆபத்து வேளையில் மோட்டரின் முறுக்கத்தை நிச்சயமாக அறுத்துவிடும் பாதுகாப்புத் தொழில் இக்காலச் செலுத்திகளில் உண்டு. எஸ்.ரீ.ஓ. என்னும் மூன்றெழுத்தால் அதனை வழங்குவர். கிடையாக ஓடும் அச்சுக்கு அது காவல். நிலைக்குத்து அச்சுக்கோ, தாங்கும் கையைத் தட்டிவிடுதலே அது. ஆதலின் ஐ.ஈ.சி. 61800-5-2 என்னும் சர்வதேச நியமம், முறுக்கத்தை அறுத்தலோடு, முதலில் நிறுத்திப் பின் அறுத்தலையும், தடுப்பைப் பாதுகாப்பாக ஆளுதலையும் தனித்தனித் தொழில்களாக வகுத்துள்ளது. வாங்குமுன் இவை செலுத்தியில் உளவா எனக் கேட்டறிதல் வேண்டும்.

தடுப்பை இடையிடையே சோதித்தலும் வேண்டும். தடுப்பை மூடி, மோட்டரினால் மெல்ல எதிர்த்துத் தள்ளி, சுமையின் முறுக்கத்தைப்போல் 1.3 மடங்கினை அது தாங்குகின்றதா எனப் பார்ப்பது வழக்கு. எம் எடுத்துக்காட்டில் அது 0.81 நியூற்றன் மீற்றர். 200 உவாற்று மோட்டரின் தடுப்பு இச்சோதனையில் முதல்நாளே தோற்றுப்போம். ஜேர்மனியத் தொழில் விபத்துக் காப்புறுதி நிறுவனங்களின் கூட்டமைப்பு, புவியீர்ப்பினால் விழக்கூடிய அச்சுக்களைக் குறித்துத் தனியே அறிவுரை வெளியிட்டுள்ளதெனின், இவ்விடர் எத்துணைப் பெரிதெனக் கருதப்படுகின்றது என்பது பெறப்படும்.

சுமையைக் குறைத்தலும் ஒரு வழி. எதிர்நிறை தொங்கவிட்டால் தடுப்புக்குப் பாரம் குறையும். நம் முன்னோர் துலாவின் மறுதலையிற் கல்லைக் கட்டியதும் இக்கணக்கினாலேயே. ஆயினும், எதிர்நிறையும் திணிவேயாதலின் முடுக்குதற்கு அதற்கும் முறுக்கம் வேண்டும். ஒன்றை நீக்க ஒன்று வரும்.

எல்லாவற்றிலும் எளியதும் மலிவானதும் யாதெனின், முட்டுக் கொடுத்தல். கீழே கை வைப்பதற்குமுன், தலைக்குக் கீழே உரிய உருக்குத் தூணொன்றை நிறுத்துக. இதற்கு மின்னும் வேண்டா; என்கோடரும் வேண்டா. அவ்விளைஞன் அன்று ஒரு முட்டுக் கொடுத்திருந்தால், ஓரெழுத்துப் பிழை ஒரு பிழையாகவே நின்றிருக்கும். மூன்று விரல்களாய் முடிந்திராது.

முடிவுரை

எம் மாணாக்கர் கொண்டுவந்த ஆங்கில அறிவித்தல் பத்து வரிகளைக் கொண்டது. அதனை அவ்வாறே தமிழாக்கின், அஃது இலக்கணப் பிழையின்றி அமைந்திருக்கும். ஆனால் துணியும் கையுமாக நிற்பவன் அதனைப் படித்து முடிக்குமுன் தலை இறங்கிவிடும். ஆகவே இருவரும் கூடி இருந்து, அடித்தும் திருத்தியும், இரவு பத்து மணியளவில் மூன்று வரிகளில் அதனை முடித்தோம்.

"மின் நின்றால் இத்தலை விழும்.
தடுப்பை நம்பிக் கீழே கை வையாதே.
முட்டுக் கொடு, பின் தொடு."

இப்பொழுது அது அவ்வியந்திரத்தின்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றது. அவ்விளைஞன் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டான் என்றும், இடக்கையால் எழுதப் பழகுகின்றான் என்றும் எம் மாணாக்கர் எழுதியிருந்தார். அதனைப் படித்தபோது எமக்கு மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே தோன்றின.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் பொறியியலாளரும் உளர், கணக்காளரும் உளர், பொருள் வாங்கும் அதிகாரிகளும் உளர். அவர்கட்கு எமது வேண்டுகோள் ஒன்றே. விலைப்பட்டியலின் இறுதி எழுத்தையும் படியுங்கள். அந்த எழுத்தின் கீழே எவனோ ஒருவன் கை வைத்து நிற்கின்றான் என எண்ணிக்கொள்ளுங்கள். இப்பொழுது எம் முன் அமர்ந்திருக்கும் மாணாக்கருக்கும் கூறுவது அதுவே: கணக்கைக் கற்க, மொழியையும் கற்க, இரண்டும் தக்க இடத்தில் கூடும்போதே கல்வி பிறருக்குப் பயன்படுவதாகும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.